சுமைதாங்கிக்குக் கால் முளைத்தது

அக்கா ஓடி யாரும் பார்த்ததில்லை. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடமாட்டாள். போனால் போகட்டும், அடுத்தது வராமலா போய்விடும் என்று நிற்பாள். பல் மருத்துவமனை வரவேற்பில் அவளுக்கு வட்டமான ஒரு மேசை, நடுவில் ஒரு சுழல் நாற்காலி. வீங்கிய கன்னத்தோடு வருகிறவர்கள் எல்லாரும் அவளைத் தேடித்தான் வரவேண்டும். ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு பதறினாலும் அவள் குரல் ஏறாது. "உக்காருங்க. கூப்பிடுவாங்க. வலி எங்கேயும் ஓடிப்போயிடாது."

இப்படிப்பட்டவள் இணைய விளையாட்டில் இறங்கினால் எந்தப் பாத்திரத்தை எடுப்பாள்? வாள்வீச்சும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம் என்று ஆளுயரக் கேடயத்தோடு நிற்கும் ஒரு தடித்த உருவத்தை எடுத்தாள். விளையாட்டில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. சுமைதாங்கி என்பது தம்பி வைத்த பெயர். பூதம் வந்தால் சுமைதாங்கி ஓரிடத்தில் காலை ஊன்றி நிற்கும். அடியெல்லாம் அதற்கு. மற்றவர்கள் அதன் முதுகுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு அம்பு விடலாம், காயத்துக்கு மருந்து போடலாம், சும்மாவும் இருக்கலாம்.

தம்பி வேறு நாட்டில் இருந்தான். போனில் பேசினால் இருவருக்கும் பேச்சு ஓடாது. உடம்பு எப்படி, மழை உண்டா என்று கேட்டு முடிப்பதற்குள் இரண்டு பக்கமும் கொட்டாவி வந்துவிடும். ஞாயிறு மதியம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பூதத்தின் முன்னால் நின்றால் மட்டும் சின்ன வயதுச் சண்டை, கேலி, வசவு எல்லாம் தானாக வரும். தம்பி, அவன் மனைவி, நெட்டை, குட்டை என்று அவனுடைய ஆபீஸ் நண்பர்கள் இருவர், அக்கா. ஐந்து பேருக்குத்தான் இடம். அந்த ஐந்தில் ஒன்று தன்னுடையது என்பதுதான் அக்காவுக்கு வாரம் முழுவதும் தெம்பு.

அந்த இடத்துக்குத்தான் உலை வைத்தார்கள். விளையாட்டு நிறுவனம் ஓர் அப்டேட் விட்டது. சுமைதாங்கி ஒரே இடத்தில் நிற்பது சலிப்பூட்டுகிறது என்று ஆடுபவர்கள் சொன்னார்களாம். ஆகவே இனி அது நகர்ந்துகொண்டே இருந்தால்தான் கேடயத்துக்கு வலு. நின்றால் கேடயம் சுருங்கிச் சுருங்கித் தட்டு அளவுக்கு வந்துவிடும்.

"எந்த ஆடுபவர் சொன்னாராம்? என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றாள் அக்கா.

பின்னால் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவர், "உன்னை ஓட வைக்க நானும் கல்யாணத்திலேருந்து பாக்கறேன். ஒரு அப்டேட்ல முடிச்சிட்டானே!" என்றார்.

முதல் ஞாயிறே மானம் கப்பலேறியது. எதிரில் நெருப்புத் தவளை. வாயைத் திறந்தால் நேர்க்கோட்டில் தீ கக்கும். பழைய காலம் என்றால் அக்கா நின்றிருப்பாள், தீ கேடயத்தில் பட்டுச் சிதறியிருக்கும். இப்போது வேறு வழியில்லாமல் ஓடினாள். அவள் ஓடியதும் வருடக்கணக்கான பழக்கம் மற்ற நால்வரையும் இழுத்தது. அக்கா முதுகு எங்கேயோ அங்கேதானே பாதுகாப்பு? ரயில் பெட்டிகள் மாதிரி வரிசையாக அவள் பின்னால் ஓடினார்கள். ஓடிப் பழகாத அக்காவுக்குத் திரும்பத் தெரியவில்லை. நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தாள். மந்தை மாதிரி நால்வரும் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். தவளை மேலே தனியாக உட்கார்ந்து முழித்தது.

"ஏன்க்கா ஓடினே?"

"நான் குழியில விழுந்தா நீயும் விழணுமாடா? கண்ணு எங்க போச்சு?"

"உன் முதுகுலதான் இருந்துச்சு!"

மறுபடியும் முயன்றார்கள். மறுபடியும் விழுந்தார்கள். கடைசியில் தம்பி தொண்டையைச் செருமினான். "அக்கா, தப்பா எடுத்துக்காதே. மின்னல்னு ஒருத்தர் இருக்காரு, வேகமான ஆளு. அடுத்த வாரம் அவரை வச்சுப் பாக்கறோம். நீ கொஞ்சம் ரெஸ்ட் எடு."

அக்கா "ஆகட்டும்" என்றாள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, ஏற்கெனவே மடித்திருந்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்தாள். கணவர் அன்று கேலி எதுவும் பேசவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள், வாயைத் திறக்கமாட்டேன் என்று ஒரு வாண்டுப்பெண் டாக்டரின் அறையிலிருந்து தப்பித்து வந்து அக்காவின் வட்ட மேசையைச் சுற்றி ஓட ஆரம்பித்தது. பின்னால் அதன் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் கையில் சின்னக் கண்ணாடியோடு டாக்டரம்மா.

"பிடிங்க, பிடிங்க!" என்றார் டாக்டரம்மா.

அக்கா பிடிக்கவில்லை. நாற்காலியில் மெல்லச் சுழன்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். துரத்துகிற இருவரும் குழந்தையைத்தான் பார்த்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த தன்னை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நாலைந்து சுற்றில் டாக்டரம்மா தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஓடறதுன்னா இப்படி ஓடணும்" என்று அக்கா சத்தமாகவே சொல்லிவிட்டாள். குழந்தையின் அம்மா முறைத்தாள்.

ஞாயிறு வந்தது. ஆடாதவர்கள் வேடிக்கை பார்க்கலாம் என்று விளையாட்டில் ஒரு வசதி இருந்தது. ரோஷத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அக்கா போய் உட்கார்ந்தாள். மின்னல் பெயருக்கேற்ற ஆள்தான். இடம் பாய்ந்தார், வலம் பாய்ந்தார். நால்வரும் விடாமல் அவர் முதுகில் ஒட்டிக்கொண்டு பாய்ந்தார்கள். அவர் லாகவமாகத் தப்பிய தீயெல்லாம் பின்னால் வந்தவர்கள் தலையில் விழுந்தது.

"ஏங்க, ஏன் வால் மாதிரி என் பின்னாடியே வர்றீங்க?" என்று கத்தினார் மின்னல். "உங்களுக்கு முன்னாடி யாருங்க கத்துக்கொடுத்தது?"

மூன்றாவது தோல்வியில் மின்னல் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிட்டார்.

"டேய்," என்றாள் அக்கா. "நான் வரட்டுமா?"

தம்பி தயங்கினான். அவன் மனைவிதான், "வாங்க அண்ணி, இவர் கிடக்கறாரு" என்றாள்.

"வர்றேன். ஆனா ஒருத்தரும் என் பின்னாடி வரக்கூடாது. எல்லாரும் மைதானத்து நடுவில இருக்கற தூண்கிட்டயே நில்லுங்க. நான் உங்களைச் சுத்தி வர்றேன். தவளை என்னைத்தான் துரத்தும். அது கக்கற தீ உங்க பக்கம் திரும்பாது."

சொல்வது சுலபம். அக்கா நகர்ந்ததும் தம்பியின் கால் தானாகக் கிளம்பியது. கருகினான். அடுத்த முறை அவன் கையை மனைவி பிடித்துக்கொண்டாள். பளாரென்று ஓர் அடி விழுந்த சத்தமும் ஹெட்போனில் கேட்டது.

"ஐயோ! அடிக்கிறாக்கா!"

"நல்லா போடும்மா!"

அக்கா சுற்றினாள். அவசரமில்லை, ஓட்டமுமில்லை, ஒரே சீரான நடை. கேடயம் மெல்ல வளர்ந்து மறுபடி ஆளுயரத்துக்கு வந்தது. "செக்குமாடு தோத்துது போ" என்றார் கணவர். தவளை அவள் பின்னாலேயே தீயைக் கக்கிக் கக்கிச் சுற்றியது. நடுவிலிருந்து நெட்டையும் குட்டையும் அம்பாக விட்டுத் தள்ளினார்கள். கடைசியில் அது மல்லாந்து விழுந்தபோது இரண்டு நாட்டிலும் ஒரே கூச்சல்.

கூச்சல் அடங்கி மற்றவர்கள் விடைபெற்ற பிறகும் தம்பி போகவில்லை.

"ஒண்ணு சொல்லட்டுமாக்கா? இத்தனை வருஷமா உன் கேரக்டரோட முதுகைத்தான் பாத்திருக்கேன். இன்னைக்குத்தான் சுத்தி வர்றப்ப மூஞ்சியைப் பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"கோவமா இருந்துச்சு."

"இருக்காதா? மின்னலைக் கூட்டிட்டு வந்தவன்தானே நீ?"

"திட்டிடுக்கா" என்றான் தம்பி.

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "உனக்கு எங்கேயும் போற வேலை இல்லையே?" என்று கேட்டுக்கொண்டு, ஆரம்பித்தாள்.