முல்லைத்தீவில் பால் கேட்ட கதை

கடற்காற்று பிள்ளைக்கு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பித்தான் நான் முல்லைத்தீவுக்குப் போனேன். சொன்னவர் அந்தக் காற்றை மோந்து பார்த்திருக்கமாட்டார்.

அப்போது நாங்கள் துணுக்காய்ப் பக்கம் குடியேற்றக் காணியில் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி வயல் செய்தவர்கள் என் கணவர் வீட்டார். சுத்த சைவம். கணவர் றோட்டு ஓவசியர். மாதத்துக்கு ஒரு தடவை முல்லைத்தீவுக்கு வேலையாகப் போய்ச் சில நாள் தங்குவார். திரும்பி வந்ததும் வீட்டுப் படி ஏறமாட்டார். நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையில் வாளி வாளியாக வார்த்து, திருநீறு பூசிய பிறகுதான் உள்ளே வருவார். "மீன் நாத்தத்துக்குள்ள கிடந்திட்டு வாறவன். எவ்வளவு ஆசாரம் பாருங்கோ" என்று மாமி அயலெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார்.

எனக்கும் பெருமைதான். ஒருமுறை அடுத்த வளவுக்காரி முட்டை கொண்டு திரிந்த பெட்டியில் மாம்பழம் தந்தாள். அதை நான் வாங்கித் தின்றுவிட்டேன் என்று, வயிற்றில் பிள்ளையோடு இருந்த என்னைக் கிணற்றடியில் நிறுத்தி முழுகவைத்த மனிதர் அவர்.

மகளுக்கு எட்டு மாதம் நடக்கும்போது, இந்த முறை இரண்டு கிழமை வேலை என்று புறப்பட்டார். நானும் வருகிறேன் என்றேன்.

"அங்கை உனக்குச் சரிவராது. ஒரே நாத்தம்."

"கடல்காத்து பிள்ளைக்கு நல்லதெண்டு சொல்லினம்."

"ஆர் சொன்னது? காய்ச்சல்தான் வரும்."

இவ்வளவு அக்கறையாக அவர் என்னை மறித்ததே இல்லை. நான் துணிகளை மூட்டை கட்டினேன்.

பஸ்ஸில் மகள் என் மடியில் இரண்டு தரம் சத்தி எடுத்தாள். தங்க வாய்த்தது ஒரு கடையின் பின்பக்க அறை. பாயில் முன்பு படுத்தவர்களின் எண்ணெய்த் தலைகள் வட்டம் வட்டமாகப் பதிந்திருந்தன. கிணற்றுத் தண்ணீர் உவர். அதில் போட்ட தேத்தண்ணீரைக் குடிக்கும்போது யாரோ அழுதுவிட்டுத் தந்ததுபோல் இருந்தது. குசினி என்று காட்டிய கொட்டிலில் சட்டி பானைகளைச் சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்தும் மீன்வாடை போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பருப்புச் சோறு சமைத்தேன்.

காலையில் அவர் சைக்கிளில் வேலைக்குப் போய்விடுவார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர் பார்க்கப் புறப்படுவேன். முதல் நாள் விடிய, ஆசையோடு கடற்கரைக்குப் போனேன். காலைநேரத்தில் அதுதான் ஊரின் கக்கூசு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வரிசையாகக் குந்தியிருந்த ஆண்கள் என்னைக் கண்டு எழும்பவுமில்லை, திரும்பவுமில்லை. நான்தான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு ஓடி வந்தேன். கடலைப் பார்த்தேனா என்று கேட்டால், பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு.

அடுத்த நாள் மீன்பிடிகாரரின் கொட்டில்களான வாடிகளின் பக்கம் போனோம். மணலில் ஓலைப்பாய் விரித்துக் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். பாய் கருப்பாகத் தெரிந்தது. கிட்டப் போனபோது கருப்பு எழும்பிப் பறந்தது. அத்தனையும் ஈ, இலையான். மீன்குடலுக்கு நாய்களும் காகங்களும் அடிபட்டன. கால் வைத்த இடமெல்லாம் செதில் ஒட்டியது. நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினேன். மகளுக்கோ கொண்டாட்டம். துள்ளித் துள்ளிச் சிரித்தவள், நான் குனிந்து காலைத் துடைக்கிற நேரத்தில் ஒரு கருவாட்டைப் பிடுங்கி வாயில் வைத்துச் சூப்பத் தொடங்கினாள். விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். சிவ சிவா என்று அவள் நாக்கைச் சேலையால் துடைத்தேன். என் பிள்ளை அழுத அழுகையில் கருவாடு காயப்போட்டவர்கள் எல்லாரும் என்னைத்தான் கொடுமைக்காரி மாதிரிப் பார்த்தார்கள்.

அதையெல்லாம் சகித்திருப்பேன். ஆனால் என் பால் வற்றத் தொடங்கியது. பயணக் களையோ, தண்ணீரோ, அருவருப்பில் நான் சரியாகச் சாப்பிடாததோ, என்னவோ. மகள் சூப்பிச் சூப்பிப் பார்த்துவிட்டு என் நெஞ்சில் கையால் அடித்து அழுதாள். உவர்த்தண்ணீரில் கரைத்த மாப்பாலைத் துப்பினாள். மாட்டுப்பால் விடியமுன்னமே தேத்தண்ணீர்க் கடைகளுக்குப் போய்விடும் என்றார்கள். அவளுடைய கன்னம் ஒட்டியதைக் கண்டபோது எனக்குப் பயம் பிடித்தது. கணவரிடம் சொன்னேன். "நான் அப்பவே சொன்னனான்" என்றார். அதுதான் அவர் தந்த மருந்து.

அறைக்குப் பின்னால் வேலிக்கு அந்தப்பக்கம் வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் நடத்துகிற ஒரு சம்மாட்டி வீடு. வேதக்காரர். கழுத்தில் சிலுவை போட்ட ஒரு அம்மா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றார். கேட்டேன்.

"அக்கா, இஞ்சை பால் எடுக்கலாமோ? எனக்குப் பால் காணாது. பிள்ளை பசியில கிடக்கு."

அவர் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வேலியடிக்கு வந்தார். "அட, பிள்ளைக்காரி! இதை வந்தவுடனை சொல்லியிருக்கலாமே. பின்னேரம் கொண்டந்து தாறன். ஓவசியர் ஐயாவின்ரை ஆள்தானே நீங்கள்?"

"ஓம்."

"ஐயாவும் விருப்பமா எடுக்கிறவர்."

எனக்கு விளங்கவில்லை. வீட்டில் பாலைக் கண்டாலே பாலாடை மணக்கிறது என்று முகம் சுளிக்கிற மனிதர் அவர். ஆனாலும் பால் கிடைக்கப்போகிறதே. செம்பைச் சுடுதண்ணீரில் கழுவிக் கவிழ்த்துவைத்துக்கொண்டு பின்னேரம் வரை காத்திருந்தேன்.

அந்த அம்மா வந்தார். கையில் போத்தலும் இல்லை, செம்பும் இல்லை. ஒரு ஓலைப்பெட்டி. அதை என் காலடியில் வைத்துத் திறந்தார். சாம்பல் நிறத்தில் இரண்டு சுறாக்குட்டி. கண் திறந்தபடி என்னைப் பார்த்தன.

"என்ன இது?"

"பால்தானே கேட்டனீங்கள்? பால்சுறா. பிள்ளைப்பெத்தவைக்கு நாங்கள் இதைத்தான் குடுக்கிறது. பால் பொங்கும்."

நாங்கள் சைவம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்கிடையில் அவர் சொன்னார்:

"ஐயாவுக்குச் சுறா வறை எண்டால் உயிர். வாற நேரமெல்லாம் எங்கட வீட்டிலதான் சாப்பாடு. இந்தமுறை ஏனோ சாப்பாடு வேண்டாம் எண்டிட்டார். ஏதும் கோவமோ, தங்கச்சி?"

அத்தனை வருட வாளித் தண்ணீரும் ஒரேயடியாக என் தலையில் கொட்டியது. படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில். அந்த ஊரில் நான் அருவருத்த எதுவும், குந்தியிருந்த ஆண்கள் உட்பட, அந்த நிமிடம் போல எனக்கு நாறவில்லை. அவர்களாவது வெளியிலே இருந்தார்கள்.

"கோவமில்லை அக்கா" என்றேன். "எனக்குக் காய்ச்சத் தெரியாது. நீங்களே வறுத்துத் தாங்கோ. ரெண்டு பேருக்கும்."

பொழுதுபடக் கணவர் வந்து கைகால் கழுவிக் குந்தினார். சோறு போட்டு, பக்கத்தில் உதிர்த்து வறுத்த சுறா வறையை வைத்தேன். அவர் மூக்கு முதலில் அறிந்தது. பிறகுதான் முகம் வெளுத்தது.

"இதென்ன?"

"பால்" என்றேன்.

வேலிப்பக்கம் ஒருமுறை பார்த்தார். என் கோப்பையிலும் வறை இருந்ததைக் கண்டதும்தான் அவருக்குக் குரல் வந்தது. "உனக்கென்ன விசரோ? நீ தொடக்கூடாது. ஆம்பிளையள் வெளியில போற இடத்தில எத்தினை இருக்கும். வீட்டின்ரை ஆசாரம் பொம்பிளையளிட்டைத்தான்."

மகள் பாயில் கிடந்து சிணுங்கினாள். அழக்கூட அவளுக்குப் பலம் இல்லை. நான் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டேன்.

அது அமிர்தமாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். இல்லை. உள்ளியும் மிளகும் தேங்காய்ப்பூவும் போட்டு ஈரச் சாக்கை உதிர்த்தது மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. விழுங்கினேன். அவர் முகத்தைப் பார்த்தபடியே கோப்பையை வழித்தேன். அவர் தொடவில்லை. உயிரான சாமான் முன்னால் இருக்க, அன்றைக்குத்தான் முதன்முதல் பட்டினி கிடந்தார். அவருடையதையும் இழுத்து நானே தின்றேன்.

புறப்படும்வரை அந்த அக்கா நாளும் வறை தந்தார். நானும் நாளும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றேன். பால் ஊறியது. சுறாவால் ஊறியதோ ஆத்திரத்தால் ஊறியதோ, மகள் வயிறு முட்டக் குடித்துவிட்டு என் மார்பில் ஏவறை விட்டாள். அதுவும் மீன்தான் மணத்தது.

துணுக்காய்க்குத் திரும்பியபோது மாமி படலையில் நின்றார். கணவர் வழக்கம்போலப் படி ஏறாமல் கிணற்றடிக்குப் போனார். வழக்கம்போல வாளியைத் தூக்கித் தலையில் வார்த்தார். நான் மகளை மாமியிடம் கொடுத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"எனக்கும் வாருங்கோ" என்றேன்.

வாளி பாதி வழியில் நின்றது.

மாமிக்கு மனம் பூரித்துவிட்டது. "வார்த்துவிடடா தம்பி. இப்பதான் இவள் எங்கட வீட்டுப் பிள்ளை" என்றார்.

அவர் வார்த்தார். தண்ணீர் நல்ல குளிர். உவர்ப்பே இல்லை.