போட்டுக்கொடுத்த செங்கோடன்

என் கணவர் நிதீஷ் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் கதை எழுதுகிறவர். காதல் வசனமெல்லாம் கம்பெனிக்குத்தான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் எனக்கென்று ஒன்றுகூட வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில், சிங்கப்பூரில் எங்கள் வீடு இருக்கும் தோ பாயோவிலிருந்து ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் போய் மீன் தலைக்கறி சாப்பிடுவோம். மீனின் கன்னச் சதையைப் பிய்த்து என் இலையில் வைப்பார். அது வழவழவென்று இருப்பது அவருக்குப் பிடிக்காது போல என்று நினைத்து, நானே தின்றுவிடுவேன்.

போன மாதம் மனிதர் முகம் வாடிப்போய்த் திரிந்தார். அவருடைய கேமில் செங்கோடன் என்றொரு வீரன், அவன் காதலி அல்லி. விளையாடிப் பார்த்தவர்கள் எல்லாரும் காதல் காட்சி வந்தாலே ஸ்கிப் அழுத்தினார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் அல்லியையே கேமிலிருந்து எடுத்துவிடுவோம் என்று பாஸ் சொல்லிவிட்டார். இரண்டு வருஷமாக அவளை எழுதியவர். எனக்கே பாவமாக இருந்தது.

வாசித்துக் காட்டச் சொன்னேன். "உனக்காக உயிரையும் கொடுப்பேன்" என்று செங்கோடன் மூன்று பக்கம் பேசினான்.

"உயிரை யார் கேட்டா? வாய் கிழியப் பேசுறான், அவளுக்கு ஒரு சின்ன வேலைகூடச் செய்யலையே லா," என்றேன்.

அவர் லேப்டாப்பை மூடினார்.

வெள்ளிக்கிழமை, சோதித்துப் பார்க்க ஆள் பற்றாமல், கம்பெனியில் என்னையும் விளையாடக் கூப்பிட்டார்கள். காதல் காட்சியில் வசனமே இல்லை. இருவரும் சாப்பிடுகிறார்கள். பட்டனை அழுத்தினால் செங்கோடன் மீனின் கன்னச் சதையைப் பிய்த்து அல்லியின் இலையில் வைக்கிறான். ஒவ்வொரு சாப்பாட்டிலும் அப்படியே. பிறகு எதிரிகள் அல்லியைத் தூக்கிப்போகிறார்கள். அடுத்த சாப்பாட்டில், பழக்கதோஷம், பட்டனை அழுத்திவிட்டேன். ஆளில்லாத இலையில் போய் விழுந்தது சதை. பக்கத்தில் விளையாடிய ஃபர்சானாவும் அதையே செய்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். யாரும் ஸ்கிப் அழுத்தவில்லை.

"உனக்குக் கன்னம் பிடிக்காதா?" என்று திரையில் செங்கோடனின் தோழன் கேட்டான்.

"அதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்," என்றான் செங்கோடன்.

பதினோரு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அவரிடம் கேட்டதில்லையே என்று வெட்கமாக இருந்தது.

பாஸிடமிருந்து அல்லி பிழைத்துக்கொண்டாள். ஞாயிறன்று கன்னச் சதை வழக்கம்போல என் இலைக்கு வந்தது. அப்படியே எடுத்து அவர் இலையில் வைத்தேன்.

"எனக்கு வேணாம், ப்ரியா. நீ சாப்பிடு."

"சும்மா நடிக்காதீங்க. செங்கோடன் போட்டுக்கொடுத்துட்டான்."

தலையைக் குனிந்துகொண்டு ஒரே வாயில் சாப்பிட்டார். பாவி மனுஷன், எவ்வளவு ஆசையாகச் சாப்பிட்டார்!