மூட்டத்துக்குள் ஒளிந்திருந்த மாலைக்கண்

கொழும்புக் கோட்டையில் காலை ஐந்து ஐம்பத்தைந்துக்குப் புறப்பட்ட ரயில், பதினொரு மணியளவில் என்னை ஹட்டனில் இறக்கிவிட்டது. பாதி வழி தூங்கிவிட்டேன். விழித்தபோதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது. அது மேகமா, அருவியா, என் கனவின் மிச்சமா என்று பிரித்துப் பார்க்கச் சோம்பலாக இருந்தது. மட்டக்களப்பில் பிறந்தவளுக்கு மலையகத்துப் பெப்ரவரியைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை. நிலையத்து வாசலில் பிளேன்டீ குடித்து, எண்பது ரூபாய்க்கு ஓர் உளுந்து வடையும் தின்று பார்த்தேன். பல் தந்தியடிப்பது நிற்கவில்லை.

விட்டமின் ஏ பற்றிய பல்கலைக்கழக ஆய்வொன்றுக்காக வந்திருந்தேன். அந்தச் சத்து குறைந்தால் முதலில் மங்கிய வெளிச்சத்தில் கண் தடுமாறும். மாலைக்கண் என்பது அதுதான். அசட்டையாக விட்டால் கருவிழியே கெட்டுப்போகலாம். காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் தாங்குகிற தெம்பும் குறையும். இரத்தம் எடுப்பதற்கு முன்னால் வீடு வீடாகப் போய் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பொழுது சாய்ந்தால் கண் தெரியாதவர்கள் இங்கே இருக்கிறார்களா?

ஹட்டனிலிருந்து டிக்கோயா ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. அதைத் தாண்டி, மேலே தேயிலைத் தோட்டம் வரைக்கும் ஆட்டோவுக்கு எழுநூறு ரூபாய். ஓட்டிய அண்ணன் என் வேலையைக் கேட்டுச் சிரித்தார்.

"கரட்டு வெளையிற சீமைக்கு விட்டமின் ஏ தேடி வந்தீங்களா மிஸ்?"

"அந்தக் கரட்டை நீங்க சாப்பிடுறீங்களா அண்ணே?"

"நாங்க எங்க சாப்பிடுறது? அது லொறி ஏறிக் கொழும்புக்குல்ல போகுது!"

தோட்டத்தில் நான் தங்கியது புஷ்பம் அக்காவின் வீட்டில். கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் அவருக்கு வேலை. லயம் என்கிற அந்தத் தொடர்வீட்டு வரிசையில் அடுத்த வீட்டில் அவர் தம்பியும், தம்பி மனைவி லெட்சுமியும், அவர்களுடைய மூன்று வயது மகளும். லெட்சுமிக்கு அப்போது நாலாம் மாதம். வாந்தி விடவில்லை; ரொட்டியும், சாயத் தண்ணி என்கிற வெறும் தேநீருமாகவே நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் மூன்று நாளும் என் கேள்விக்குக் கிடைத்தது சிரிப்புதான். "பொழுது சாஞ்சா எங்க யாருக்குமே கண்ணு தெரியாதுங்க மிஸ்! மூட்டம் எறங்கிருச்சுன்னா நம்ம கையே நமக்குத் தெரியாது" என்றார்கள். உண்மைதான். மாலையானால் பள்ளத்திலிருந்து பஞ்சுப்பொதிபோல மூட்டம் ஏறி வரும். முதலில் கோயில் போகும், பிறகு மரங்கள், பிறகு நானே போய்விடுவேன். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, விறகும் பொறுக்கிக்கொண்டு பெண்கள் குறுக்குப் பாதையில் இறங்குவார்கள். இடுப்பில் கட்டும் சாக்குக்குப் படங்கு என்று பெயர். முன்னால் போகிறவளின் படங்கு நுனியைப் பின்னால் வருகிறவள் பிடித்துக்கொள்வாள். யாரும் யாரையும் தவறவிடாமல் பேச்சும் சிரிப்புமாக இறங்கி வருவார்கள். உருவம் தெரியாது, குரல்கள் மட்டும் மிதந்து வரும். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நிற்பேன்.

நாலாம் நாள் மாலை மூட்டம் வரவில்லை. வானம் ஊதாவாகத் தெளிந்து கிடந்தது. அன்று யாருக்கும் படங்கு பிடிக்கத் தேவைப்படவில்லை. ஆளுக்கொரு பக்கமாகத் துள்ளி இறங்கினார்கள். ஒருத்தி மட்டும் முன்னால் போனவளின் சாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காலால் தரையைத் தடவித் தடவி வந்தாள். லெட்சுமி.

இத்தனை நாளும் இந்த ஊரின் மூட்டமே அவளை மறைத்து வைத்திருந்திருக்கிறது.

வாசலில் வைத்து மெல்லக் கேட்டேன். மறுக்கவில்லை. பொலபொலவென்று கண்ணீர் விட்டாள். "ரெண்டு மாசமா இப்பிடித்தாங்க மிஸ். சொன்னா மலைக்கு வேலைக்கு வராதன்னுருவாங்க. அதவிட, வயித்துல இருக்கதுக்கும் கண்ணு இல்லாமப் போயிருமோன்னு பயமா இருக்குங்க" என்றாள். பிறகு தாலிச் சரட்டோடு முடிந்திருந்த சிறு துணிப் பொட்டலத்தை அவிழ்த்தாள். உள்ளே ஒரு விட்டமின் ஏ குளிசை. கிளினிக் நாளில் மகளுக்குக் காய்ச்சல்; ஆறியதும் கொடுக்கச் சொல்லிக் கையில் தந்திருந்தார்களாம்.

"கண்ணுக்கு நல்லதுன்னாங்க. நானே குடிச்சிறலாம்னு வாய் வரைக்கும் கொண்டு போயிட்டேன். புள்ளைக்குன்னு குடுத்தத எப்பிடி முழுங்குறது? மனசு வரல மிஸ்."

அட கடவுளே! குழந்தைகளுக்கு எப்போதாவது ஒரு தடவை கொடுக்கும் அந்தப் பெரிய அளவு கர்ப்பிணிக்கு ஆகாது. வயிற்றில் இருக்கும் பிள்ளையின் உருவத்தையே கெடுத்துவிடக்கூடும். குறைந்தாலும் கேடு, ஒரேயடியாகக் கூடினாலும் கேடு. அதை அவளிடம் சொன்னேன். அவள் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலை நாங்கள் இருவரும் பஸ் பிடித்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார், திட்டவில்லை. கர்ப்பிணிக்கு ஏற்ற மிகச் சிறிய அளவில் மருந்து எழுதினார். முட்டை, கீரை, பூசணி சாப்பிடச் சொன்னார். கீரையை வெறும் தண்ணீரில் அவிக்காமல் கொஞ்சம் எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்க்க வேண்டும், அப்போதுதான் சத்து உடம்பில் ஒட்டும் என்றார். குளிசை அன்றைக்கே தோட்டத்து மருத்துவிச்சியின் கையால் மகளின் வாய்க்குப் போயிற்று. மகள் முகத்தைச் சுளித்தாள், அம்மா சிரித்தாள்.

அதன் பிறகும் பல நாள் அங்கேதான் இருந்தேன். நாளும் கிழமையும் எனக்குக் குழம்பிப் போயின. பகலெல்லாம் இரத்தச் சேகரிப்பு, மாலையெல்லாம் மூட்டம். பார்க்கும்போதெல்லாம் "இப்ப நல்லாத் தெரியுதுங்க மிஸ்" என்பாள் லெட்சுமி. நான் முழுதாக நம்பவில்லை. என் மனம் நோகக் கூடாதென்று சொல்லுகிறாளோ, மலை வேலை போய்விடுமென்று சொல்லுகிறாளோ? மூட்டத்துக்குள் எல்லாரும் படங்கைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

புறப்பட்ட நாள் மாலை தெளிவாகத்தான் இருந்தது. கடைசி பஸ்ஸுக்காகக் கீழ் ரோட்டில் நின்றேன். லெட்சுமியும் துணைக்கு வந்திருந்தாள், ஆனால் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு. அந்தப் பிடியைப் பார்த்ததும் என் மனம் சோர்ந்தது. எங்கள் ஊரில் வாவி இருப்பதால் மாலை வெளிச்சம் தண்ணீரில் வெகுநேரம் தங்கும். தடுமாறுகிறவளை அங்கே ஊரே பார்த்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். இங்கே மலை சட்டென்று கறுத்துவிட்டது. மேலே லயம் எனக்கு வெறும் கரிக்கோடு.

"போயிட்டு வர்றேன் லெட்சுமி" என்று தொடங்கினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அண்ணாந்து மலையைப் பார்த்தாள்.

"அய்யய்யோ! புஷ்பம் அண்ணி நம்ம வீட்டுக் கதவச் சாத்தாமப் போயிருச்சு! அந்தா பாருங்க, ஆடு வீட்டுக்குள்ள நொழையுது! ஏய்! ச்சூ! ச்சூ! கீரைய ஆஞ்சு வச்சிருக்கேனே!"

நான் உற்று உற்றுப் பார்த்தேன். ஆடும் தெரியவில்லை, கதவும் தெரியவில்லை. அதற்குள் அவள் புருஷனின் கையை உதறிவிட்டுக் குறுக்குப் பாதையில் ஏறிவிட்டாள். "மெதுவா, மெதுவா!" என்று நாங்கள் இரண்டு பேரும் கத்தினோம். கல்லுக்குக் கல் கால் மாற்றி வைத்து, ஆட்டை வைதுகொண்டே அவள் மேலே போனாள். எனக்கு விடை கொடுக்க மறந்தேபோனாள்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். டிக்கட் கிழித்த கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துத் தயங்கினார்.

"ஹட்டன்தானே மிஸ்? ஏன் அழுறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றேன். "ஒரு ஆடு கீரையைத் தின்னுட்டுது."