அரை மணி நேரம் என்று அடித்த தாள்

நேற்று மகள் கைப்பேசியில் ஒன்றைக் காட்டினாள். அடுத்த வாரம் ஜப்பான் போகிறாள், தனியாகப் பத்து நாள் ஊர் சுற்ற. அந்த நாட்டுக்கு வருகிறவர்களுக்கான தகவல்களாம். பிளக்குக்கு இரண்டு கால், குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், டிப்ஸ் கொடுத்தால் சங்கடப்படுவார்கள், ரயிலில் போன் பேசக் கூடாது. படிக்கப் படிக்க எனக்குக் கார்பன் தாள் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. நம்பமாட்டீர்கள், இதே மாதிரி ஒரு தாளை நானும் ஒரு காலத்தில் தயாரித்திருக்கிறேன். இங்கிலீஷில். அந்த இங்கிலீஷைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

டைப்பிங்கில் ஹையர் பாஸ் பண்ணியதும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் இருந்த ஒரு சின்ன விருந்தினர் விடுதியில். நான் சந்தவாசல்காரி. அடிவாரத்தில் பிறந்ததால் மலையே எனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு. உண்மையில் அதுவரை இரண்டு தடவைதான் ஏறியிருந்தேன், இரண்டு தடவையும் ஜீப்பில் வாந்தி. எப்போதாவது வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு தகவல் தாள் வேண்டும் என்றார் முதலாளி. கரண்ட் போகும், மெழுகுவர்த்தியை என்னிடம் கேளுங்கள் என்று ஆரம்பித்தேன். காய்ச்சிய தண்ணீரையே குடியுங்கள். ஜீப் எத்தனை மணிக்கு என்று கேட்காதீர்கள், ஆள் நிறைந்தால் கிளம்பும். கோயிலைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் சரி என்று அர்த்தம்.

அருவிக்கு எவ்வளவு தூரம் என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். விடுதியில் சமைத்துக்கொண்டிருந்த பூங்கொடி அக்கா மலையிலேயே பிறந்தவர். அவரைக் கேட்டேன்.

"தோ, பக்கத்துலதான் கண்ணு. வெத்தல போட்டு துப்புறதுக்குள்ள போய்ட்லாம்."

வெற்றிலைக்குத் தாராளமாகவே நேரம் ஒதுக்கி, அரை மணி நேரம் என்று அடித்தேன்.

அதை நம்பியவர் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு பெரியவர். எழுபது வயதிருக்கும், இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பிவிடலாம் என்று மத்தியான மாத்திரையை என் மேசைமேல் வைத்துவிட்டுக் காலையில் தனியாகக் கிளம்பினார். மணி ஒன்று ஆகியும் ஆள் வரவில்லை. நிஜமாகவே எவ்வளவு தூரம் என்று அக்காவைப் பிடித்துக்கொண்டேன். போவதற்கே மூன்று மணி நேரம் ஆகும் என்றார், சோற்றை வடித்துக்கொண்டே. அப்புறம் ஏன் பக்கம் என்று சொன்னீர்கள் என்று கேட்டால், என்னை வினோதமாகப் பார்த்தார்.

"தூரம்னு சொன்னா போறவங்களுக்கு மொதல்லியே கால் ஓஞ்சிடும்ல?"

மாத்திரையை எடுத்துக்கொண்டு ஓடினேன். வேலை போய்விடுமே என்ற பயம் இல்லை. நான் அடித்த ஒரு வரியால் ஒரு மனிதர் எங்கேயோ பாறை மேல் விழுந்து கிடக்கிறார் என்ற பயம். சாமைக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் அருவிக்கு வழி கேட்டேன். தோ, பக்கத்துலதான் என்றவர், களைக்கொத்தைப் போட்டுவிட்டு என்கூடவே நடந்தார். அடுத்த ஊரின் முதல் வீடு வந்ததும் அங்கிருந்தவரிடம் என்னை ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார். அவரும் பக்கத்துலதான் என்று சொல்லிவிட்டு அடுத்த ஊர் வரை வந்தார். அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் மாட்டை விட்டுவிட்டு வந்தார். அங்கே வழி சொல்வது என்றால் கூடவே நடப்பதுதான்.

மூன்றாவது ஊரில், ஒரு வீட்டு வாசலில் பாய்மேல் உட்கார்ந்து பெரியவர் சாமைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரையும் இப்படித்தான் ஆள் மாற்றி ஆள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். முகம் வெளுத்துவிட்டது, இதற்கு மேல் போகக் கூடாது என்று அந்த வீட்டம்மா உட்கார வைத்துவிட்டாராம். வெள்ளைக்காரர் வெளுத்ததை எப்படிக் கண்டுபிடித்தாரோ! மாத்திரையைக் கொடுக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னாத்துக்கு அழுவுற? தொரைய நாங்க தனியாவா வுட்டோம்?" என்றார் வீட்டம்மா.

பெரியவர் கடைசிவரை அருவியைப் பார்க்கவில்லை. ஊருக்குக் கிளம்பிய அன்று என் தாளில் அரை மணி நேரத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பென்சிலால் எழுதினார்: மூன்று மணி நேரம், ஆனால் தனியாக நடக்க மாட்டீர்கள். பிறகு நான் அடித்த எல்லாத் தாளிலும் அந்த வரி இருந்தது.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். விடுதி இல்லை. அருவி வரைக்கும் தார் ரோடு. வருகிற கார்கள் கண்ணாடியை இறக்குவதே இல்லை. நான் வேண்டுமென்றே இறங்கி ஒருவரிடம் வழி கேட்டேன். நல்ல மனிதர். மேப்பில் போட்டால் காட்டும்ங்க என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இதையெல்லாம் மகளிடம் சொல்லி முடித்துவிட்டு, அங்கே ஸ்டேஷனிலிருந்து உன் ரூம் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். போனைப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்.

"பக்கத்துலதாம்மா. ஒன்பது நிமிஷம்."

போன் பொய் சொல்லாது, ஒன்பது நிமிஷம்தான். அந்த ஒன்பது நிமிஷமும் என் பெண் தனியாக நடப்பாள்.