ஜூரியின் புருஷன்

எங்கள் இருவரின் பெயரையும் நகரசபைக்கு எழுதிக் கொடுத்தவன் நான்தான். நாங்கள் வந்து குடியேறிய இந்த டேனிஷ் நாட்டில் நீதிபதிகளோடு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லச் சாதாரணக் குடிமக்களையும் பட்டியலிலிருந்து குலுக்கி எடுப்பார்கள். நியாயம் பேசுகிற வாய் என்று எனக்கு ஆட்களிடையே ஒரு பெயர் உண்டு. மனைவியின் பெயரைச் சும்மா துணைக்குப் போட்டேன். கடிதம் அவளுக்கு வந்தது.

வந்ததும் சில்லறை வழக்கு இல்லை, ஒரு கொலை வழக்கின் மேல்முறையீடு. மூன்று நீதிபதிகள், ஒன்பது ஜூரிகள். முதியோர் இல்லத்தில் கிழவர்களுக்கு மருந்துக் குளிசை கொடுக்கிற என் மனைவி அந்த ஒன்பது பேரில் ஒருத்தி. நான் கிரின்ஸ்டெட் ஊரில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். வயிறு எரியவில்லை என்று சொன்னால் அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலய வாசலில் எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். என்னிடம் வந்தவர்கள், இனி வீட்டில் சமையல் யார் என்று கேட்டார்கள்.

நீதிமன்றம் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தது. பஸ்ஸை நம்பிப் போக முடியாது, எங்களிடம் இருந்த ஒரே கார் என் ஷிப்டுக்கு வேண்டும். பக்கத்து ஊரிலிருந்து இன்னொரு ஜூரி, பள்ளிக்கூட வாத்தியார், டேனிஷ்காரர், தான் ஏற்றிப்போவதாகச் சொன்னார். காலையில் வந்தால் ஹோர்ன் அடிக்க மாட்டார். இறங்கி வந்து அவளுக்குக் கதவைத் திறந்துவிடுவார். இருபத்தாறு வருடத்தில் நான் ஒருநாளும் கார்க்கதவு திறந்துவிட்டதில்லை. அவளுக்குக் கை இல்லையா என்ன என்றுதான் இருந்தேன்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். வழக்கைப் பற்றி அவள் வெளியாட்களோடு பேசக்கூடாது. ஜூரிகள் மட்டும் அறைக்குள் தங்களுக்குள்ளே பேசலாம். வெளியாள் என்றால் நானும்தான். என் மனைவி என்ன நினைக்கிறாள் என்பதை அந்த வாத்தியார் கேட்கலாம், நான் கேட்கக்கூடாது. மாலையில் அவள் வாயை இறுகப் பூட்டிக்கொண்டு வந்து வெங்காயம் வெட்டுவாள். சில நேரம் எதையோ நினைத்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவே இல்லை.

விசாரணை பொது விசாரணை, யாரும் போய்ப் பார்க்கலாம். நான் லீவு எடுத்து வரப்போகிறேன் என்றதும் அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"வாங்கோ. ஆனால் அங்கை ஒருத்தரோடையும் கதைச்சுப்போடாதேங்கோ. சாட்சிக்காரரோடை கதைச்சியளெண்டால் என்னை எழுப்பி அனுப்பிப்போடுவினம்."

ஓம் என்றேன்.

மேல்முறையீடு என்றால் பழைய கடுதாசிகளைப் புரட்டித் தீர்ப்பு எழுதுவது என்று நினைத்திருந்தேன். இங்கே சாட்சிகளை மறுபடியும் கூப்பிட்டு, முதல் நீதிமன்றத்தில் சொன்னதை வாசித்துக்காட்டி, ஏன் இப்போது வேறு மாதிரிச் சொல்கிறாய் என்று கேட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் இரண்டு இளைஞர்கள். ஒருவன் கொலை நடந்த நேரத்தில் தாயோடு வீட்டில் இருந்தேன் என்றான். அன்று இருவரும் பேசியது போனில் ஒரே ஒரு வரி: "இன்றைக்கு முடிப்போம்." செத்தவன் தரவேண்டிய கடனை முடிக்கிறதா, ஆளை முடிக்கிறதா என்று அரைநாள் வாதாடினார்கள். கத்தியால் குத்திய மற்றவன் பயமுறுத்தத்தான் போனேன் என்றான். அரசதரப்பு வழக்கறிஞர் குரலை உயர்த்தாமல் விளக்கினார்: கொல்ல ஆசைப்பட்டிருக்க வேண்டியதில்லை. சாகக்கூடும் என்று தெரிந்தும், செத்தால் சாகட்டும் என்று செய்தாலே போதும்.

நான் பாதிதான் கேட்டேன். வாத்தியார் என் மனைவிக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். அவள் எழுதினால் அவரும் எழுதினார். ஒருதடவை தண்ணீர் ஊற்றி அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

பிறகு முதலாமவனின் தாய் சாட்சி சொல்ல வந்தாள். சாம்பல்நிறக் கம்பளிச் சட்டை போட்ட டேனிஷ்காரி. மகன் தன்னோடு இருந்து டிவி பார்த்தான் என்றாள். போனமுறை செய்தி பார்த்ததாகச் சொன்னவள் இப்போது உதைபந்தாட்டம் என்கிறாள் என்று பிடித்துக்கொண்டார்கள். அவள் எழுந்து மகனைப் பார்க்காமல் வெளியே போனாள்.

இடைவேளையில் அந்தத் தாய் அறைக்கு வெளியே நடைபாதையில் ஒரு வாங்கில் உட்கார்ந்து தனியாக அழுதுகொண்டிருந்தாள். எங்கள் ஆட்கள் அழுகிறவர்களிடம் கேள்வி கேட்க மாட்டார்கள், தேத்தண்ணியை ஊற்றிக் கையில் கொடுப்பார்கள். செத்தவீட்டுப் பழக்கம் அது. வேலைக்குக் கொண்டுபோகிற பிளாஸ்க் என்னிடம் இருந்தது. ஆனால் நான் உடனே எழும்பவில்லை. ஜூரிகளின் அறைக்கதவு திறந்தது. என் மனைவியும் வாத்தியாரும் எதற்கோ சிரித்துக்கொண்டு வந்து கோப்பி மெஷின் பக்கம் போனார்கள். என்னை அவள் கவனிக்கவே இல்லை. அப்போதுதான் எழும்பினேன்.

தேநீரை ஊற்றிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். "ஜூரிகளோடு உட்கார்ந்திருக்கிற தமிழ்ப் பெண் என் மனைவி" என்று டேனிஷில் சொன்னேன். அந்தத் தாய் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் மனைவி திரும்பிப் பார்த்தபோது அவள் இன்னும் விட்டிருக்கவில்லை.

ஒருவரும் கோள் சொல்லவில்லை. அவளே நேராக நீதிபதியிடம் போய்ச் சொன்னாள். விசாரணை மறுபடி தொடங்கியபோது அவளுடைய கதிரையில் மேலதிக ஜூரியாக வந்திருந்த ஒரு கிழவர் இருந்தார். வாத்தியார் அவளுடைய கோட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தலையை ஆட்டி உள்ளே போனார்.

அவளை என் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். அவள் அழவில்லை. தன்னை அவர்கள் மரியாதையாகத்தான் அனுப்பினார்கள் என்றாள். உங்கள் கணவர் ஏன் அப்படிச் செய்தார் என்று நீதிபதி கேட்டாராம்.

"நீ என்ன சொன்னனீ?"

"அழுகிற ஆளைக் கண்டால் பாவம் பாக்கிற மனுசன், இந்த விதியெல்லாம் மறந்துபோயிருப்பார் எண்டு சொன்னனான்."

அவள் எனக்காகச் சாட்சி சொல்லியிருக்கிறாள். அடுத்து அவள் கேட்டதற்குச் சும்மா ஓம் போட்டிருந்தால் வீடு வரை போய்ச் சேர்ந்திருக்கலாம்.

"இப்ப எனக்கு மட்டும் சொல்லுங்கோ," என்றாள். "என்னை எழுப்பிப்போடுவினம் எண்டு நினைவு வரேல்லையோ?"

"வந்தது," என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கும் பதிலுக்குச் சொல்ல வாத்தியாரின் கார்க்கதவு இருந்தது.

"காரைத் திருப்புங்கோ. நீதிபதிக்கு நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

இனி அதனால் என்ன வரப்போகிறது, உன் இடத்தில்தான் வேறு ஆள் வந்துவிட்டானே என்றெல்லாம் சொன்னேன். அவள் கோட்டை மாட்டத் தொடங்கினாள். அடுத்த சந்தியில் திருப்பினேன். நீதிமன்ற வாசலில் நிறுத்தியதும் தானே கதவைத் திறந்து இறங்கினாள். என்னை வரச் சொல்லவில்லை. இருபது நிமிடம் காரிலேயே இருந்தேன். என்னைப் பற்றி உள்ளே அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.