வாஷர் அக்காவும் முப்பத்தொரு வருஷத் தடையும்

வார்டு வாசலில் கிடக்கும் ரப்பர் செருப்புகளை வாஷர் அக்கா ஒவ்வொன்றாகக் கட்டை விரலால் அமுக்கிப் பார்க்கிறார். ஒரு நீலச் செருப்பு மனசுக்குப் பிடித்துவிட்டது. அமுக்கினால் உடனே மேலே எழும்பி வருகிறது. "இது யாருது?" என்று உள்ளே எட்டிக் கேட்கிறார்.

ஸ்டோர்காரர் பதறி ஓடி வருகிறார். "அக்கா, வாங்கி ஒரு வாரம்கூட ஆகலை. என்னை விட்டுடுங்க."

"சும்மா பார்த்தேன் அண்ணே. பிஞ்சுபோனா என்கிட்ட சொல்லுங்க. வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் மெஷின் பழுது பார்க்கிறவர் இவர். வயது ஐம்பத்தொன்று. செருப்பு ரப்பரைக் கொதிநீரில் போட்டு எடுத்து, வட்டமாக வெட்டி, மெஷினுக்கு வாஷராகப் போடுவதால் எல்லோருக்கும் வாஷர் அக்கா. ஆண்டவன் சிலருக்கு நல்ல குரலைக் கொடுக்கிறான், சிலருக்கு நல்ல முகத்தைக் கொடுக்கிறான். இந்த அம்மாவுக்கு, காது வைத்த விரல்களைக் கொடுத்திருக்கிறான். மெஷின் மேல் ரெண்டு விரலை வைத்தால் போதும், உள்ளே என்ன வலி என்று தெரிந்துவிடும்.

எங்கோ தூரத்தில் இருக்கிற ஒரு பெரிய நாடு, இந்த நாட்டை ஆள்கிறவர்களோடு கோபித்துக்கொண்டு முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடை போட்டது. அங்கே செய்கிற சாமான் எதுவும் இங்கே வரக்கூடாது, ஒரு திருகாணிகூட. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளைச் சூட்டில் வைத்துக் காப்பாற்றும் கண்ணாடிப் பெட்டிகள் ஆறும் தடைக்கு முன்னால் அங்கிருந்து வந்தவை. இன்றைக்கு நாலு ஓடுகின்றன. மற்ற ரெண்டும் எங்கே என்று கேட்டால், "அந்த நாலுக்குள்ளதான் இருக்கு" என்பார்.

"தடையும் நானும் ஒரே வருஷம்தான் இங்க வேலைக்குச் சேர்ந்தோம். ரெண்டு பேரும் இன்னும் ரிட்டயர் ஆகலை" என்று சிரிப்பார். சேர்ந்தது தரை துடைக்க. ஒரு நாள் பெட்டி ஒன்று நின்றுபோய் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். அதற்கப்புறம் துடைப்பம் வேறு கைக்குப் போய்விட்டது.

தகட்டைக் கழற்றுமுன் கண்ணை மூடி ஒரு வேண்டுதல் உண்டு. பெரிதாக ஒன்றுமில்லை. "கடவுளே, திருகாணி உருண்டு ஓடாம பார்த்துக்கோ." அவ்வளவுதான்.

வீட்டில் குக்கர் விசில் அடித்து மாதக்கணக்காகிறது. அதன் ரப்பர் வளையம் ரெண்டாம் பெட்டியில் இருக்கிறது. "நீ குடித்தனம் நடத்துறது என்கூடவா, அந்தப் பெட்டிங்ககூடவா?" என்று வீட்டுக்காரர் சத்தம் போடுவார். அவர்தான் தெருவில் பழைய கீல் ஒன்று கிடந்தாலும் குனிந்து எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்.

போன மாதம் ஒரு சேதி வந்தது. தடை போட்ட நாட்டிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். இத்தனை வருஷத் தடை பலித்ததா, தோற்றதா என்று ஊர் ஊராகப் பார்த்து எழுதப் போகிறார்கள். அவர்கள் எழுதுவதைப் பொறுத்து, ஆஸ்பத்திரிச் சாமான்களுக்காவது வழி திறக்கலாம். வாஷர் அக்காவுக்கு அதில் ஒரே ஓர் ஆசைதான். மூன்றாம் பெட்டிக்கு ஒரு புது மோட்டார். அந்தப் பெட்டி ஓடினால் ஓடும். நிறுத்தினால் திரும்பக் கிளம்பப் பாதி நாள் கெஞ்ச வேண்டும்.

அன்றைக்கு டீ வேளையில் பேச்செல்லாம் இதுதான். "தோத்துப்போச்சுன்னுதான் எழுதணும். நாம சாகாம இருக்கோமே!" என்றார் ஸ்டோர்காரர்.

"இல்லாத மருந்தைக் கேட்டு அழற தாய்ங்களை தினம் பாக்கறேன் நான். தோத்துப்போச்சாம்ல!" என்று தலைமை நர்ஸ் சீறினாள்.

வாஷர் அக்கா டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "மேல இருக்கறவங்களைக் குனிய வைக்கத்தான் தடை போட்டாங்களாம். அவங்க குனிஞ்ச மாதிரி தெரியலை. நான்தான் தினம் பெட்டிக்கு அடியில குனியறேன்."

"எல்லாம் உன்னாலதான்கா," என்றாள் நர்ஸ், பாதி விளையாட்டாக. "நீ மட்டும் இல்லேன்னா எல்லாப் பெட்டியும் எப்பவோ நின்னிருக்கும். அவங்க கண்ணுக்கும் தெரிஞ்சிருக்கும்."

"அப்போ என் கையை உடைச்சுக்கட்டுமாடி?" என்று சிரித்தார். ஆனால் அந்தப் பேச்சு முள்ளாய்த் தைத்துவிட்டது.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் பெரிய டாக்டரும் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நல்ல மனுஷர், பத்து வருஷமாக மோட்டார் கேட்டு எழுதிக் களைத்தவர். "நாளைக்கு ரெண்டு பெட்டியை மட்டும் ஒரு மணி நேரம் நிறுத்தி வைங்கம்மா. குழந்தைங்களை அம்மா நெஞ்சோட வெச்சுக்கலாம், ஒண்ணும் ஆகாது. நின்ன பெட்டியைப் பார்த்தாத்தான் அவங்களுக்கு உறைக்கும்."

வாஷர் அக்கா தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மறுநாள் காலையில் மூன்றாம் பெட்டியின் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றார். விரலை வைத்தார். உள்ளே விசிறி ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஓடுகிற மெஷினை ஓடவில்லை என்று காட்ட அந்த விரலுக்கு மனசு வரவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டார்.

வந்தவர்களில் முன்னால் நின்றது ஒரு நரைத்த அம்மாள். கையில் அட்டை, அட்டையில் காகிதம். பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு பெண் கூட வந்திருந்தாள். நாலு பெட்டியும் ஓடுவதைப் பார்த்து அந்த அம்மாள் ஏதோ குறித்துக்கொண்டார். கூட வந்த பெண் சொன்னாள்: "எல்லாம் நல்லா வேலை செய்யுதேன்னு சொல்றாங்க. அப்போ இந்த வார்டுக்குத் தடையால பாதிப்பு இல்லைதானேன்னு கேக்கறாங்க."

பெரிய டாக்டரின் முகம் சுண்டிப்போனது. திரும்பி வாஷர் அக்காவை ஒரு பார்வை பார்த்தார்.

மூன்றாம் பெட்டிக் குழந்தையைப் பால் கொடுக்க அப்போதுதான் தாயிடம் எடுத்துப் போயிருந்தார்கள். வெறும் பெட்டி சூட்டோடு ஓடிக்கொண்டிருந்தது. வாஷர் அக்கா பின்னால் போய் மண்டியிட்டு, உதடு அசைய வேண்டிக்கொண்டு, தகட்டைக் கழற்றிவிட்டார். "வந்து பாக்கச் சொல்லும்மா," என்றார் அந்தப் பெண்ணிடம்.

நரைத்த அம்மாள் குனிந்தார். தெரியவில்லை. அவரும் மண்டியிட்டார். உள்ளே பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த குட்டி விசிறி, கதவுக் கீலை அராவிச் செய்த பித்தளை வளையம், ஒயரைச் சேர்த்துக் கவ்வியிருக்கும் ஒரு தலைக் கிளிப்.

"அடிப்பாவி! என் கிளிப்!" என்று நர்ஸ் கத்தினாள். "மூணு மாசமாத் தேடறேன்!"

வார்டே சிரித்தது. நரைத்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கைகாட்டி இது என்ன, அது என்ன என்று கேட்டார். வாஷர் அக்கா ஒவ்வொன்றுக்கும் அது எங்கேயிருந்து வந்தது என்று சொன்னார். அப்புறம் அந்த அம்மாள் மெதுவாக ஏதோ கேட்டார். பெண் மாற்றிச் சொன்னாள்: "அப்போ தடை தோத்துதா, பலிச்சுதா? இந்தக் காகிதத்துல ரெண்டே கட்டம்தான் இருக்குன்னு கேக்கறாங்க."

வாஷர் அக்கா சொன்னார்: "பெட்டி நிக்கலை, அதனால தோத்துச்சுன்னு எழுதலாம். நான் ஒரு நாள் படுத்துட்டா நின்னுடும், அதையும் எழுதச் சொல்லு. கட்டத்துக்கு வெளியே இடம் இருக்குமில்ல?"

அதைக் கேட்டு நரைத்த அம்மாள் தலை நிமிர்ந்தார். அந்த நேரம் பார்த்து விசிறியின் சத்தம் லேசாக மாறியது. வேறு யாருக்கும் தெரியவில்லை. பித்தளை வளையம் தளர்ந்திருந்தது. பாலுக்குப் போன குழந்தை திரும்புவதற்குள் முடுக்கியாக வேண்டும். வாஷர் அக்கா பையிலிருந்து டார்ச்சை எடுத்தார், ஸ்பேனரை எடுத்தார், ரெண்டுக்குமாகக் கை போதவில்லை. பக்கத்தில் இருந்தவர் யார், எதற்கு வந்தவர் என்றெல்லாம் பார்க்காமல் டார்ச்சை நீட்டினார்.

நரைத்த அம்மாள் அட்டையைத் தரையில் வைத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டார். வெளிச்சம் ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. வாஷர் அக்கா திரும்பாமலே அந்த மணிக்கட்டைப் பிடித்து, கொஞ்சம் இந்தப் பக்கமாக நகர்த்தி வைத்தார்.