சுவர்ப் பக்கம்

ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடும் நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது என் வேலை. காலையில் திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோ ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். போகிற இடமெல்லாம் எனக்குப் பெயர் சிஸ்டர்தான். வாய் நீளம் என்ற பெயரும் உண்டு. நோயாளி இருக்கும் வீட்டில் வாய் நீளமாக இல்லாவிட்டால் காரியம் ஆகாது. பார்க்க வருகிறவர்கள் கட்டிலிலேயே உட்காருவார்கள். மூக்கில் குழாய் போட்டிருப்பவருக்கு ஒரு வாய் ஹார்லிக்ஸ் கொடுத்தால் என்ன என்பார்கள். நான் கத்துவேன்.

ராயபுரத்தில் அப்படிப் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆன பெரியவர். பக்கவாதத்தில் வலது பக்கம் முழுக்க விழுந்து, பேச்சும் போய்விட்டது. காது நன்றாகக் கேட்கும், சொன்னது புரியும். பதிலுக்கு ‘ஆ’ என்ற ஒரு சத்தம்தான் வரும். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் வலது இடுப்பில் ஒன்றும் முதுகின் அடியில் ஒன்றுமாக இரண்டு படுக்கைப் புண்கள் வந்திருந்தன. அவை ஆற வேண்டுமென்றால் முடிந்த மட்டும் இடது பக்கமாகவே படுக்க வைக்க வேண்டும். ஒற்றை அறை வீடு அது. கட்டிலுக்கு இடது பக்கம் சுவர். வாசல் வலது பக்கம்.

அவருக்கு வாசலைப் பார்க்க வேண்டும். சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டால் முனகுவார். வாசல் பக்கம் திருப்பினால் இடுப்பு வலியைக்கூட மறந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். ஏனென்று அவர் மனைவிதான் சொன்னார். ஒரே மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு அத்திப்பட்டில் இருக்கிறாள். ஐந்து வருஷமாக அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சில்லை.

“இப்ப அவருக்கு அவள பாக்காமெ போயிடுவோமோன்னு பயம் வந்துட்ச்சி சிஸ்டர். நான் போன் பண்ணா, ‘அப்பா என் மூஞ்ச பாப்பாரா?’ன்னு அதையே கேக்குறா. பாப்பாருடி, வாசலயே பாத்துகினு கீறாருன்னு சொல்லிகினே கீறேன். சாய்ங்காலத்துலயாவது அவர வாசல் பக்கமா போட்டு வையேன்.”

“புண்ணு எலும்பு வரைக்கும் போயிடும்க்கா. அப்பறம் அழுதா நான் பொறுப்பில்ல” என்றேன். மாலை ஆறு மணிக்கு மேல் அரை மணி நேரம் வாசல் பக்கம் என்று நானே ஒரு கணக்கு வைத்தேன். அதற்கு மேல் ஒரு நிமிஷம் விட மாட்டேன்.

இதற்கு ஒரு சுலபமான வழி இருந்தது. தலைமாட்டைக் கால்மாட்டுக்கு மாற்றிப் போட்டிருந்தால் இடது பக்கம் படுத்தபடியே நாள் முழுக்க வாசலைப் பார்த்திருப்பார். ஒரு முறை சொன்னேன். “வடக்கால தலையா? உசுரோட கீற மன்சனுக்கா?” என்று அந்த அம்மா பதறிவிட்டார். எங்கள் வீட்டிலும் வடக்கே தலை வைத்துப் படுக்க விட மாட்டார்கள். ஒரு வாய் ஹார்லிக்ஸுக்குக் கத்துகிறவள் அதற்குக் கத்தவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்தேன். அந்த அம்மா ரேஷன் கடைக்குக் கைரேகை வைக்கப் போயிருந்தார். யூரின் பையை பேசினில் வடித்துக்கொண்டு, வரிசை வீடுகளுக்குப் பொதுவாகக் கோடியில் இருக்கும் கக்கூஸுக்குப் போனேன். திரும்பும்போது தெருக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. விட்டால் நாளைக்குத்தான் என்று இரண்டு குடம் பிடித்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

வந்து பார்த்தால் அவர் நல்ல கையால் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். ஆ, ஆ என்று சத்தம். தலையணை நனைந்திருந்தது. எச்சில் ஒழுகியிருக்கிறது என்று நினைத்தேன். இடுப்பை அசைத்ததில் கட்டுப் பிளாஸ்திரி நகர்ந்திருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னா நைனா, ரெண்டு நிமிஷம் அந்தாண்ட போனா இவ்ளோ பேஜாரா? ஆறு மணி ஆவட்டும், திருப்புறேன். கொயந்தயா நீ? கம்முனு படு.”

கை நின்றது. தலையணை உறையை மாற்றினேன். ஆறு மணிக்கு வாசல் பக்கம் திருப்பினேன். கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த நாளும் அவர் வாசலைப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் போட்டாலும் முனகல் இல்லை. பழகிவிட்டது என்று நான் அவர் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். புண்ணும் ஆறிக்கொண்டு வந்தது.

இரண்டு வாரம் கழித்து நெஞ்சில் சளி கட்டி ஒரு காலையில் இறந்துபோனார். அன்று நானும் போயிருந்தேன். தெருவில் பந்தல் போட்டிருந்தது. அத்திப்பட்டிலிருந்து மகள் வந்தாள். அந்த அம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“கடசி வரைக்கும் வர்லியேடி! அந்த மன்சன் கண்ணு பூத்து போற மாறி பாத்துகினு கெடந்தாரே!”

“வந்தேம்மா” என்றாள் அவள். “ரெண்டு வாரம் முந்தி, வெள்ளிக்கெயம வந்தேன். நீ இல்ல. வாசல்ல நின்னு அப்பான்னு கூப்ட்டேன். நாலு வாட்டி கூப்ட்டேன். திரும்பவே இல்ல. செவுத்து பக்கம் மூஞ்ச திருப்பிகினே கெடந்தாரு. இன்னும் கோவம் போல, என்னிய பாத்தா எதுனா ஆயிடப்போவுதுன்னு போய்ட்டேன்.”

சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் ஆயுசுக்கும் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பாள். அருகில் போய் அவள் கையைப் பிடித்தேன்.

“அவரு திரும்பிக்கலமா. நான்தான் அப்டி திருப்பி போட்டேன். தானா திரும்ப அவரால முடியாது.”

அவள் என்னைப் பார்த்தாள். “அப்ப நான் கூப்ட்டது கேட்டுச்சா?”

கேட்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொல்ல முடியவில்லை. கேட்டுச்சு, செவுத்த தட்டி கூப்ட்டாரு, தலகாணி நனையிற அளவுக்கு அழுதாரு என்றேன். அவள் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்தி அழவில்லை.

“இன்னொரு வாட்டி சொல்லு சிஸ்டர்” என்றாள். “எப்டி தட்டுனாரு?”

பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். எடுக்கும் வரை நாலைந்து முறை கேட்டாள். நாலைந்து முறையும் ஒன்று விடாமல் சொன்னேன், அவரை நான் திட்டியதைத் தவிர.